சைக்கிளில் வேலைக்குப் போக மனம் வரவில்லையா? கோளாறு எங்கே என்று பார்ப்போம்

ஒழுங்காகச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த ஒருவர் மழைக்காலத்தோடு நிறுத்திவிடுவார். மழை விட்ட பிறகும் சைக்கிள் மாடிப்படிக்கு அடியிலேயே தூசி படிந்து நிற்கும். கேட்டால், "என்னவோ மனம் வரவில்லை" என்பார். உடனே சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு உபதேசம் செய்வார்கள்: உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம், காற்று மாசு குறையும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? தெரிந்துதானே சைக்கிள் வாங்கினார்.

மனம் வராததற்குப் பெரும்பாலும் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் மனம் தானாக வந்துவிடும். தேடும்போது ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சைக்கிள், பிறகு உடம்பு, பிறகு போகும் வழி, பிறகு அலுவலகம். இவை நான்கிலும் குறையில்லை என்று தெரிந்த பிறகே மனத்தைக் குற்றம் சொல்லலாம். நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுகிறோம்.

கீழே இருப்பவை சென்னையையும், வீட்டிலிருந்து 5 முதல் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வேலையிடத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை. உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும்.

அறிகுறி: கிளம்பும்போது பார்த்தால் டயரில் காற்று இல்லை, சரி, பஸ்ஸில் போய்விடலாம்

கைவிடப்பட்ட சைக்கிள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கைவிடப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. காலை எட்டு மணிக்குக் காற்றுக் குறைந்த டயரைப் பார்ப்பவர் சைக்கிள் கடையைத் தேடிப் போகமாட்டார். அன்று பஸ், மறுநாளும் பஸ். ஒரு வாரத்தில் டயர் முழுவதுமாகத் தரையோடு அமுங்கிவிடும்.

சைக்கிள் டியூப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று மெல்லக் கசியத்தான் செய்யும், ரப்பரின் இயல்பு அது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை காற்றடிப்பது பழுது பார்க்கிற வேலையில் சேராது. கைப்பேசிக்குச் சார்ஜ் போடுகிற மாதிரி வழக்கமான காரியம். நின்றுகொண்டு காலால் மிதித்துப் பிடித்து அடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கி, சைக்கிளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் அதை எடுக்கவே ஒரு நாள் பிடிக்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வேலைக்குப் போகும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்த அளவில் 40 முதல் 65-க்குள் இருக்கும். பம்பில் அளவு காட்டும் முள் இல்லையென்றால் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள்; லேசாகக்கூட அமுங்கினால் இன்னும் அடிக்கலாம். பெட்ரோல் பங்கில் அடிப்பதாக இருந்தால் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். காருக்குப் போகிற காற்று சைக்கிளின் சிறிய டியூபில் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும், சில நேரம் வெடித்தும் விடும்.

அடித்த காற்று மறுநாளே இறங்கினால் பஞ்சர் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய மாதிரி சைக்கிள்களில் வால்வுக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று செருகியிருக்கும். சைக்கிள் கடைக்காரர்கள் வால்டியூப் என்பார்கள். வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு, குனிந்து பாருங்கள். எச்சில் சவ்வுபோல மேலெழும்பி, குமிழியாகி உடைந்தால் கோளாறு அங்கேதான். திருகைக் கழற்றி உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால், அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருப்பதோ, பிசுபிசுவென்று உருகி ஒட்டியிருப்பதோ தெரியும். அடுத்த வேளை டீக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது. இரண்டு துண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மிதிக்க மிதிக்கப் பாரமாக இருக்கிறது, வயதாகிவிட்டதோ என்று தோன்றுகிறது

வயதைக் கடைசியில் விசாரிக்கலாம். முதலில் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். நல்ல சக்கரம் நெடுநேரம் சுற்றி, கடைசியில் வால்வு இருக்கும் பக்கம் கீழே இறங்கி, இப்படியும் அப்படியும் ஆடி நிற்கும். இரண்டு சுற்றில் பட்டென்று நின்றால் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, அல்லது அச்சில் இருக்கும் கோன் என்ற கூம்பு வடிவத் திருகு அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் 'சர்க் சர்க்' என்று உரசினால் சக்கரம் கோணியிருக்கிறது, கம்பிகளைத் திருகி நேராக்க வேண்டும். பின்சக்கரத்துக்கும் இதே சோதனைதான். நீங்கள் இத்தனை நாளாக பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அலுவலகம் போயிருக்கக்கூடும்.

அடுத்தது செயின். துருவேறிய செயினோடு போராடுகிறவர்களைச் சாலையில் பார்க்காமலேயே அடையாளம் சொல்லிவிடலாம், கீச்சுக் குரல் முன்னால் வரும். பழைய துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் மையம் வர வேண்டும். அது கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சீட்டின் உயரம். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாகவே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். ஸ்கூட்டரில் வந்த பழக்கம். அப்படி வைத்தால் முட்டி நெஞ்சு வரை மடங்கும், தொடையின் பலம் பெடலுக்குப் போய்ச் சேராது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலை பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி சிறிதளவு மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் அந்த உயரத்துக்குப் போக வேண்டாம், அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றுங்கள். சீட்டைத் தாங்கும் குழாயில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்பது இரண்டு நாளில் பழகிவிடும்.

மூன்றையும் பார்த்த பிறகும் பாரம் குறையவில்லை என்றால் சைக்கிள் கடையில் விட்டு ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். அச்சுகளைக் கழற்றி, பால்ரஸ் என்ற சிறு இரும்புக் குண்டுகளைக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டித் தருவார்கள். மழைக்காலம் முழுவதும் வெளியில் நின்ற வண்டிக்கு இது கட்டாயம். வாங்க வரும்போது அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அறிகுறி: போய்ச் சேர்ந்தபின் எங்காவது வலிக்கிறது

முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். உள்ளங்கை மரத்துப்போனால் உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்குகிறது என்று பொருள்; சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்காரும் இடத்து வலி, நெடுநாள் விட்டுத் தொடங்கினால் முதல் வாரம் இருக்கும், பிறகு போய்விடும். அதற்காக மெத்தை போன்ற அகல சீட் வாங்குவது வீண். தொடையை உரசிப் புதுப் புண்ணை உண்டாக்கும்.

சிக்குன்குனியாவில் படுத்து எழுந்தவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பது உண்டு. அவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஓய்வெடுக்கலாம். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: வியர்வை; அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்கிறவரை நினைத்தால் கூச்சம்

சென்னையில் இதற்கு அஞ்சாதவர் இல்லை. வியர்வையை ஒழிக்க முடியாது, ஆனால் பாதியாகக் குறைக்க முடியும்.

முதல் வழி வேகத்தைக் குறைப்பது. வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. அந்தச் சக்தியை உண்டாக்கும்போது உடம்பில் ஏறும் சூடுதான் சட்டையில் ஈரமாக வெளிவருகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் 14-க்கு இறங்கினால் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்பது நிமிடம்தான் கூடும். காலையில் யாரோடும் பந்தயம் இல்லை. பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் போகட்டும். வேகமாக ஓட்டும் ஆசை இருந்தால் மாலையில் வீடு திரும்பும்போது தீர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் குளியலறை இருக்கிறது.

இரண்டாவது, முதுகில் பை மாட்டாதீர்கள். பை இருக்கும் இடத்தில் காற்றுப் படாது, முதுகு முழுவதும் நனைந்துவிடும். கேரியரில் கட்டுங்கள். கேரியர் இல்லாத நவீன சைக்கிள் என்றால் ஒன்றைப் பொருத்துங்கள். அழகு கெட்டுவிடும் என்று விற்பனையாளர் சொல்வார். அந்த அழகை அவர் வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. வியர்வை கொட்டுவது ஓட்டும்போது அல்ல, நின்ற பிறகு. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று உலர்த்திக்கொண்டே வருகிறது. நிறுத்தியதும் காற்றும் நின்றுவிடும், உடம்பின் சூடு மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் அடங்காது. இறங்கிய உடனே புதுச் சட்டையை மாட்டினால் அதுவும் நனையும். ஆகவே கடைசிக் கிலோமீட்டரை நடை வேகத்தில் ஓட்டுங்கள். வந்ததும் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு முகம், கழுத்து, அக்குள், முழங்கை வரை தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, அதன் பிறகு சட்டையை மாற்றுங்கள். துடைக்கப் பூந்துவாலை எதற்கு? ஈரிழைத் துண்டு ஒன்று போதும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், மதியத்துக்குள் காய்ந்தும் விடும்.

சட்டைகளைத் தினமும் சுமக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து, நான்கு சட்டைகளை அலுவலக இழுப்பறையில் வைத்துவிட்டு, பழையவற்றை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அந்த ஒருநாளில் காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மே மாதக் கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டு சைக்கிளைத் திட்டக் கூடாது. ஏழு மணிக்கே கிளம்ப வழியில்லை என்றால் அந்த மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு பஸ் உரசினாற்போல் போனது, அன்றிலிருந்து பயம்

இதை "மனம் வரவில்லை" என்று சொல்லி மூடிவைப்பவர்கள் நிறைய. பயந்ததில் தவறே இல்லை. பயத்தை அடக்குவதைவிட வழியை மாற்றுவது சுலபம்.

பைக்கில் போன வழியிலேயே சைக்கிளிலும் போக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கைப்பேசி காட்டும் வழி பெரும்பாலும் பிரதான சாலையாகவே இருக்கும். சென்னையில் உள்தெருக்களிலேயே நெடுந்தூரம் போய்விட முடியும், ஆறோ கால்வாயோ ரயில் பாதையோ குறுக்கிடும் வரை. அங்கே எல்லா வழியும் ஒரு பாலத்துக்குள் புகுந்தாக வேண்டும். ஆகவே முதலில் பாலத்தைத் தேர்ந்தெடுங்கள், தெருக்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். அடையாற்றைக் கடக்க வேண்டியவருக்குத் திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று சுற்று வழியாக இருந்தாலும் நெரிசல் குறைந்த நேரத்தில் அங்கே எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பாருங்கள். கத்திப்பாரா போன்ற மேம்பாலங்களை விட்டுவிடுங்கள். பாலத்தின் மேல் பயமாக இருந்தால் இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிளுக்கு மட்டுமே கிடைத்த சலுகை அது, இறங்கியதும் நீங்கள் பாதசாரி.

சாலையில் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பயந்தவர்கள் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். அங்கேதான் மணலும், மழைநீர் வடிகாலின் கம்பி மூடியும், நிறுத்தியிருக்கும் காரின் கதவும் காத்திருக்கின்றன. ஓரத்திலிருந்து ஏறக்குறைய மூன்றடி விட்டு, வளையாமல் நேராகப் போங்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எங்கே போவீர்கள் என்பது தெரிந்துவிடும். வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி மாட்டினால், திரும்பிப் பார்க்கும்போது வண்டி தடுமாறாது. பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பஸ்ஸை இடதுபுறமாக முந்தவே கூடாது.

நவம்பரில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வரை வெளிச்சம் இருந்தது. மழைக்காலத்தில் பயம் திடீரென்று முளைப்பதற்கு இதுவும் காரணம். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு வாங்கினால் பாதி தீர்ந்தது.

அறிகுறி: போகும்போது உற்சாகம், திரும்பும்போது எதிர்க்காற்று

மலையே இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. சென்னையில் காலையில் பொதுவாக நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும். உள்ளே தள்ளியிருக்கும் வேளச்சேரியில் குடியிருந்து, கடல் பக்கமாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்ப்பவர் கொடுத்துவைத்தவர், இரண்டு வேளையும் காற்று முதுகைத் தள்ளும். கடலோரத் திருவான்மியூரில் இருந்துகொண்டு கிண்டிக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் முகத்தில் அடிக்கும். இவர்தான் மூன்றாவது வாரத்தில் தன் உடல்வலிமையைச் சந்தேகிக்கிறவர்.

மருந்து எளிது. கியர் இருந்தால் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடித்துக் குனியுங்கள். அகலமான சாலையை விட்டுக் கட்டடங்கள் நெருங்கிய தெருவுக்குள் போங்கள். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்து கடற்காற்று தாமதமாகும், வடகிழக்குப் பருவத்தில் கணக்கே மாறிவிடும். அலுவலகத்தை இடம் மாற்ற முடியாது, நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள முடியும்.

அறிகுறி: மழை

தூறலில் போகலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் போக வேண்டாம். அடியில் மூடியில்லாத குழி இருக்கிறதா என்பது கடவுளுக்கும் மாநகராட்சிக்கும் மட்டுமே தெரியும். பளபளப்பான இரும்பு ரிம் உள்ள சைக்கிளில் நனைந்த பிரேக் ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். மட்கார்டு இல்லாத வண்டியில் மழை விட்ட பிறகும் முதுகில் சேற்றுக்கோடு விழும்.

அறிகுறி: அந்தத் தெரு நாய்கள்

விரட்டும் நாயோடு போட்டிபோட்டு மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓட ஆளில்லாதபோது துரத்தலில் அதற்குச் சுவாரசியம் போய்விடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "என்ன சார், வண்டி ரிப்பேரா?"

அலுவலக வாசலில் காவலாளி கேட்பார். அவர் கேலி செய்யவில்லை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிற மாநிலத்தில், நாற்பது வயதுக்காரர் சைக்கிளில் வந்தால் பைக் பழுதாகியிருக்கும் என்று நினைப்பது இயல்புதான். "இல்லை அண்ணே, இதுதான் என் வண்டி" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவரிடமே, நிழலாகவும் அவர் கண்ணில் படும்படியாகவும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். பெரிய கார் நிறுத்தங்களில் சைக்கிளுக்கு என்று இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், அவர்தான் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காட்டுவார். நிறுத்த நல்ல இடம் கிடைத்த பிறகு தினமும் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இதே கூச்சம் வேறு வகையில் வருகிறது, கேள்வி வாசலில் தொடங்காமல் வீட்டிலேயே தொடங்கிவிடும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துச் சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களும் இதே பேச்சைக் கேட்டவர்கள்தான். கும்பலாக ஓட்டியதில் பேச்சு எடுபடாமல் போனது. அந்த உத்தி இன்றும் செல்லும்: அதே திசையில் போகும் தோழி ஒருத்தி இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்து போங்கள். துப்பட்டாவும் சேலையும் சிக்காமல் இருக்க முழுச் செயின் மூடியும், பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்பும் உள்ள வண்டியே நல்லது. இவை இல்லாத வண்டியைத் தள்ளிவிட்டுக் 'கூச்சம்' என்று பெயர் வைக்க வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் காலையில் எழுந்ததும் வேண்டாம் என்று தோன்றுகிறது

இப்போதுதான் மனத்துக்கு வருகிறோம். வாரம் ஐந்து நாளும் போவேன் என்ற சபதத்தைக் கைவிடுங்கள். அந்தச் சபதம் ஒருநாள் தவறியதும் மொத்தமாக உடையும். செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஆசை வந்தால் போங்கள், வராவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம். கிலோமீட்டர் கணக்கு வைக்கும் செயலி உங்களை உற்சாகப்படுத்தினால் வைத்துக்கொள்ளுங்கள், திட்டுவதுபோல் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

முடிவை இரவிலேயே எடுத்துவிடுங்கள். காற்று பார்த்து, பையைக் கேரியரில் கட்டி, பூட்டுச் சாவியைச் செருப்புக்குள் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் யோசிக்க எதுவும் மிஞ்சாது. மாலையில் மழையோ அலுப்போ வந்தால் சைக்கிளை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வாருங்கள். மறுநாள் பஸ்ஸில் போய், மாலையில் ஓட்டிக்கொண்டு வரலாம். திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது கிளம்புவது சுலபமாகிறது.

சலிப்பு என்றால் வழியில் ஒரு காரணத்தைச் சேருங்கள்: நல்ல டிகாக்ஷன் காபி கிடைக்கும் கடை, மாலையில் காய்கறி வாங்க ஒரு சந்தை. அலுவலகத்துக்காக மட்டும் மிதிக்கும் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை

தூரத்தைப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குத் தினமும் சைக்கிளில் போக நினைத்தவருக்கு மனம் வராதது அறிவின் அடையாளம். அவர் ரயில் நிலையம் வரை சைக்கிளில் போய், அங்கே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு மின்சார ரயில் ஏறலாம். அதுவும் சைக்கிள் பயணம்தான்.

அதுவும் ஒத்துவராவிட்டால் சைக்கிளைத் துருப்பிடிக்க விடாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பம்பையும், பூட்டின் இரண்டு சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்.